டிட்கோ வரைந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமாவில் டாக்டர் ஸ்ட்ரேஞ்சைப் பார்த்துவிட்டு, "இதன் மூலக் காமிக்ஸ் எப்படி இருக்கும்?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக எழுதிய பக்கம் இது. 1963 முதல் 1966 வரை ஸ்டீவ் டிட்கோ வரைந்த கதைகளைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசியிருக்கிறேன். சில இடங்களில் கதை முடிவுகளையும் சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தக் கதைகளின் சுவை திருப்பத்தில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் யார்?

நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜ் பகுதியில், வட்டமான பெரிய சன்னல் வைத்த ஒரு பழைய வீட்டில் வாழும் மந்திரவாதி. உடலைத் தூங்க வைத்துவிட்டு ஆவி வடிவில் வெளியே போவார், பிறர் கனவுக்குள் நுழைவார், நம் உலகத்தின் விதிகள் செல்லாத வேறு உலகங்களுக்கும் போய் வருவார். சூப்பர் ஹீரோ என்ற கணக்கில்தான் அவரை வைக்கிறார்கள். ஆனால் குத்துச்சண்டை குறைவு.

முதல் கதை எப்போது வந்தது?

ஜூலை 1963 தேதியிட்ட 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' 110ஆம் இதழில். விலை 12 சென்ட். அந்த இதழின் நாயகன் தீப்பற்றிப் பறக்கும் ஹியூமன் டார்ச். ஸ்ட்ரேஞ்சுக்குக் கிடைத்தது பின்பக்கத்தில் வெறும் 5 பக்கங்கள்.

அந்த 5 பக்கங்களைக் கட்டாயம் படியுங்கள். தூக்கத்தில் கெட்ட கனவு துரத்துகிறது என்று ஒரு மனிதர் ஸ்ட்ரேஞ்சிடம் வருகிறார். ஸ்ட்ரேஞ்ச் அவர் கனவுக்குள் போகிறார். அங்கே சங்கிலியில் கட்டுண்ட ஓர் உருவம் நின்று, அவர் தொழிலில் ஒருவரை நாசமாக்கிய கதையைச் சொல்லிவிடுகிறது. விழித்துக்கொண்ட மனிதருக்குப் புரிகிறது: தன் குற்றம் இந்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. உடனே துப்பாக்கியை எடுத்து, எதிரே அசைவற்று இருக்கும் ஸ்ட்ரேஞ்சின் உடலைக் குறி பார்க்கிறார். கனவுக்குள் நைட்மேர் என்ற பகைவன், வெளியே துப்பாக்கி. உதவி கேட்டு வந்தவரே கொலைகாரராக மாறும் இந்த முடிச்சு, மாயாஜாலம் எதுவும் இல்லாமலே பயமுறுத்தும்.

அவர் எப்படி மந்திரவாதி ஆனார்?

இதை 5 மாதம் கழித்து, 115ஆம் இதழில்தான் சொன்னார்கள். ஸ்டீபன் ஸ்ட்ரேஞ்ச் பேர்பெற்ற அறுவை மருத்துவர். பணம் தராத நோயாளியைத் திரும்பியும் பார்க்காதவர். கார் விபத்தில் கை நரம்புகள் பாதிக்கப்படுகின்றன. இனி கத்தியைப் பிடிக்க முடியாது. இன்னொரு மருத்துவருக்கு உதவியாளராக இருக்கச் சொன்னால் மறுக்கிறார். குடியும் அழுக்கு உடையுமாகத் துறைமுகத்தில் அலைகிறவரின் காதில், எதையும் குணப்படுத்தும் ஒரு முதியவர் பற்றிய பேச்சு விழுகிறது. அந்த முதியவர்தான் ஏன்ஷியன்ட் ஒன்.

தேடிப் போன இடத்தில் "உனக்குத் தகுதி இல்லை" என்று சொல்லிவிடுகிறார் குரு. பனி கொட்டுவதால் ஸ்ட்ரேஞ்ச் அங்கேயே தங்க நேர்கிறது. அப்போது குருவின் சீடன் மோர்டோ குருவையே கொல்லச் சதி செய்வதைப் பார்த்துவிடுகிறார். சொல்ல வாய் திறந்தால் மோர்டோவின் மந்திரம் வாயைக் கட்டிவிடுகிறது. அந்த நிலையில் அவர் என்ன செய்கிறார் தெரியுமா? தன் கையை மறந்து, "என்னைச் சீடனாக ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று குருவிடம் கேட்கிறார். இந்தத் தீமையை எதிர்க்க ஒரே வழி கற்றுக்கொள்வதுதான் என்று அவருக்குத் தோன்றுகிறது. குருவுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பது பிறகு தெரிகிறது. 8 பக்கத்தில் ஒரு மனிதன் முழுதாக மாறிவிடுகிறான். இவ்வளவு சுருக்கமாகவும் நம்பும்படியாகவும் ஒரு சூப்பர் ஹீரோவின் தொடக்கக் கதையை நான் வேறெங்கும் படித்ததில்லை.

ஸ்டான் லீ உருவாக்கியதா, டிட்கோ உருவாக்கியதா?

மூலக் கரு டிட்கோவுடையது. இந்தக் கதைகளை வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் ஆசிரியரும் வசனம் எழுதியவருமான ஸ்டான் லீயே, 1963 ஜனவரியில் ஒரு ரசிகருக்கு எழுதிய கடிதத்தில் அப்படித்தான் சொல்கிறார். 'மிஸ்டர் ஸ்ட்ரேஞ்ச்' என்று பெயர் வைக்க நினைத்து, மிஸ்டர் ஃபென்டாஸ்டிக் என்று ஏற்கெனவே ஒருவர் இருப்பதால் 'டாக்டர்' ஆக்கியதும் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

அன்றைய மார்வெலில் வேலை நடந்த விதத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தாளர் முழுக் கதையை எழுதிக் கொடுக்க மாட்டார். சிறு குறிப்பை வைத்து ஓவியர் கதையைப் பக்கங்களாக வரைந்து தருவார். அதன் பிறகுதான் வசனம் ஏறும். போகப் போக அந்தச் சிறு குறிப்பும் இல்லாமல், கதை முழுக்க டிட்கோ கையில் வந்தது. வசனத்தின் ஆரவாரம் லீ தந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உலகங்கள் டிட்கோவின் மேசையில் பிறந்தவை.

டிட்கோ போதை மருந்து எடுத்துக்கொண்டு வரைந்தாராமே?

இல்லை. அதிகம் வரும் கேள்வி இதுதான், எனக்கு அதிகம் வருத்தம் தரும் கேள்வியும் இதுதான்.

அன்றைய அமெரிக்கக் கல்லூரி மாணவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். எல்எஸ்டி என்ற போதை மருந்தைப் பரப்பித் திரிந்த நாவலாசிரியர் கென் கீசியின் கூட்டத்தில் இந்தக் காமிக்ஸை விரும்பிப் படித்தார்கள். 1965 அக்டோபர் 16 அன்று சான் பிரான்சிஸ்கோவின் லாங்ஷோர்மென்ஸ் ஹாலில் நடந்த ராக் நடன விழாவுக்கு 'டாக்டர் ஸ்ட்ரேஞ்சுக்கு ஒரு காணிக்கை' என்றே பெயர். ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழு அங்கே வாசித்தது. 1968இல் பிங்க் ஃப்ளாய்ட் இசைக்குழு தங்கள் இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில் ஒரு டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தைச் சேர்த்துக்கொண்டது. அது டிட்கோ விலகிய பிறகு மேரி செவரின் வரைந்தது.

ஆனால் டிட்கோ யார்? 1927இல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுனில் பிறந்தவர். நியூயார்க்கில் காமிக்ஸ் ஓவியர் ஜெரி ராபின்சனிடம் முறையாகப் படம் கற்றவர். கட்டுப்பாடான, தனிமையான வாழ்க்கை. அயன் ராண்டின் எழுத்தில் ஈடுபாடு கொண்டு, பகுத்தறிவையும் தன் முயற்சியையும் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தவர். ஹிப்பிகளின் வாழ்க்கைக்கும் அவர் வாழ்க்கைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. காலத்தையும் கவனியுங்கள்: சான் பிரான்சிஸ்கோவின் போதைக் காட்சி போல வளைந்து நெளியும் 'சைகடெலிக்' சுவரொட்டிகள் பெருகியது 1966, 67இல். டிட்கோவின் விநோத உலகங்கள் 1963, 64லேயே அச்சாகிவிட்டன.

ஒரு கலைஞன் பல்லாண்டு உழைத்துக் கண்டுபிடித்ததை ஒரு மாத்திரைக்கு எழுதி வைப்பது அநியாயம்.

சரி, அப்படி என்ன விசேஷம் அந்தப் பக்கங்களில்?

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில் கட்டங்கள். பக்கத்தைப் பெரும்பாலும் ஒழுங்கான சிறு சதுரங்களாகத்தான் பிரிப்பார் டிட்கோ. அன்றைய மார்வெலின் இன்னொரு பெரிய ஓவியர் ஜாக் கிர்பி போலப் பக்கம் முழுக்க வெடிக்கும் படம் அபூர்வம். கட்டம் அசையாமல் நிற்பதால்தான் உள்ளே நடக்கும் கூத்து நம்மைத் தூக்கி அடிக்கிறது. சன்னல் நேராக இருந்தால்தானே வெளியே தெரியும் வானம் சாய்ந்திருப்பது தெரியும்? பின்னால் வந்த பலர் கட்டங்களையும் உடைத்து, கோணலாக்கி, சிதறடித்து வரைந்தார்கள். எல்லாமே கோணலானால் கண்ணுக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடுகிறது.

அப்புறம் வெளி. அவருடைய வேறு உலகங்களில் தரை கிடையாது. எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ முடியும் ஒரு பாதை மிதக்கும். சுவரே இல்லாமல் கதவு மட்டும் நிற்கும், அதைத் திறந்தால் வேறு நிறத்தில் இன்னொரு வானம். பல் வைத்த வாய் ஒன்று நுழைவாயிலாக இருக்கும். உருண்டைகளை இணைக்கும் குழாய்கள், கண்கள், முடிச்சுகள். இவற்றைக் குழப்பமாகக் கொட்டிவிட மாட்டார். நடுவில் சிறிதாக நிற்கும் ஸ்ட்ரேஞ்சின் உருவத்தை நம் கண் ஒருபோதும் தவற விடாது. அவர் எந்தப் பாதையில் நடந்து வந்தார், அடுத்து எதைத் தாண்ட வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும். அந்நியமான ஊரில் நல்ல வழிகாட்டியோடு நடப்பது போன்ற அனுபவம் அது.

மூன்றாவது, கைகள். டிட்கோ அளவுக்குக் கையை நடிக்க வைத்த காமிக்ஸ் ஓவியர் இல்லை என்பேன். ஸ்ட்ரேஞ்ச் மந்திரம் சொல்லும்போது நடுவிரலும் மோதிர விரலும் மடங்கி, ஆள்காட்டி விரலும் சுண்டு விரலும் நீண்டு நிற்கும். பரதத்தில் சிம்மமுக முத்திரை தெரிந்தவர்களுக்கு அது உடனே கண்ணில் படும். ஸ்பைடர்மேன் வலை வீசும்போது கையை வைத்துக்கொள்வதும் கிட்டத்தட்ட அப்படித்தான். அவரையும் வரைந்தது டிட்கோதான். இப்போது 115ஆம் இதழை நினைத்துப் பாருங்கள். நரம்பு செத்துப்போன கை. கத்தியைப் பிடிக்க முடியாத அதே விரல்கள்தான் இப்போது ஒவ்வொரு பக்கத்திலும் உலகத்தைக் காக்கின்றன. இதை வசனத்தில் யாரும் சொல்லிக் காட்டவில்லை. பக்கத்துக்குப் பக்கம் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோது எனக்கு அது ஒருநாள் உறைத்தது, அன்றிலிருந்து இந்தக் கதைகளைப் படிக்கும் விதமே மாறிவிட்டது.

இதுவும் இப்போது சொல்கிற மல்டிவெர்ஸும் ஒன்றா?

ஒன்றல்ல. மல்டிவெர்ஸ் என்று இன்று சொல்வது பெரும்பாலும் நம் பூமியின் மாற்றுப் பிரதிகளை: அங்கேயும் ஒரு நீங்கள், அங்கேயும் ஒரு நான். காமிக்ஸில் அதற்கு வழி போட்டது டிசி நிறுவனம் 1961இல் வெளியிட்ட ஒரு ஃப்ளாஷ் கதை. இரண்டு பூமிகளின் இரண்டு ஃப்ளாஷ்கள் அதில் சந்திக்கிறார்கள். டிட்கோவின் உலகங்களில் உங்கள் பிரதி யாரும் கிடையாது. வேறு விதி, வேறு வடிவம், வேறு அரசன். தெரிந்த முகத்தை வேறு உடையில் பார்க்கும் மகிழ்ச்சி ஒரு வகை. முன்பின் பார்த்திராத இடத்தில் திகைத்து நிற்பது இன்னொரு வகை. எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

ஒரே ஒரு கதை படிக்க நேரம் இருந்தால் எதைப் படிப்பது?

126, 127ஆம் இதழ்கள், 1964 கடைசியில் வந்தவை. இரண்டும் சேர்ந்து ஒரே கதை. தீப்பிழம்பைத் தலையாகக் கொண்ட டொர்மாம்மு இங்கேதான் முதன்முதலாக வருகிறான். இருண்ட உலகம் ஒன்றின் அரசன். பூமியைப் பிடிக்கப் பார்க்கிறான். அவனைத் தடுக்க ஸ்ட்ரேஞ்ச் அவன் இடத்துக்கே போகிறார்.

ஆனால் அங்கே ஒரு சிக்கல். அந்த உலகத்தின் ஓரத்தில் மைண்ட்லெஸ் ஒன்ஸ் என்ற மூளையற்ற அரக்கக் கூட்டம் இருக்கிறது. கொடுங்கோலனான டொர்மாம்முவின் சக்திதான் அவற்றைத் தடுப்பு போட்டு நிறுத்தி வைத்திருக்கிறது. அவனை வீழ்த்தினால் அங்கே வாழும் சாதாரண மக்கள் அழிந்துபோவார்கள். இதை ஸ்ட்ரேஞ்சுக்குக் காட்டுவது அந்த உலகத்தைச் சேர்ந்த ஒரு பெண். பின்னாளில் க்ளியா என்று நாம் அறியும் அவளுக்குப் பல இதழ்கள் வரை பெயரே இல்லை.

சண்டை நடக்கிறது. டொர்மாம்முவின் சக்தி சண்டையில் கரைய, தடுப்பு உடைகிறது. அரக்கர்கள் உள்ளே வருகிறார்கள். அப்போது ஸ்ட்ரேஞ்ச் தன் சக்தியை எதிரிக்கே கடன் கொடுத்து, தடுப்பை மீண்டும் எழுப்ப உதவுகிறார். டொர்மாம்மு இப்போது கடன்பட்டவன். பூமிப் பக்கம் வர மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியதாகிறது. தோற்றிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நன்றி சொல்ல வேண்டிய நிலைக்கு வந்ததால்தான் அவன் ஸ்ட்ரேஞ்சை வெறுக்கிறான். நைந்த காகிதத்தில் அச்சான ஒரு சிறுவர் புத்தகத்தில் இவ்வளவு கூர்மையான மனித உண்மை!

நீண்ட கதை ஏதாவது உண்டா?

உண்டு. 130 முதல் 146 வரை, 1965 மார்ச்சிலிருந்து 1966 ஜூலை வரை, 17 இதழ்கள் ஓடிய ஒரே தொடர். மாதம் பத்துப் பக்கம் வீதம் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஒரு கதையை இழுத்துக்கொண்டு போவது அன்றைய அமெரிக்கக் காமிக்ஸில் துணிச்சலான காரியம். டொர்மாம்முவின் சக்தியைக் கடன் வாங்கிய மோர்டோ ஸ்ட்ரேஞ்சை நாடு நாடாகத் துரத்துகிறான். நினைவு தப்பிக் கிடக்கும் குருவின் வாயிலிருந்து வரும் ஒரே சொல் 'எடர்னிட்டி'. அது ஆளா, ஊரா, மந்திரமா என்று தெரியாமல் ஸ்ட்ரேஞ்ச் தேடி அலைகிறார்.

138ஆம் இதழில் விடை வருகிறது. மனித வடிவத்தில் ஒரு வெளிக்கோடு. அதன் உடலுக்குள் நட்சத்திரங்களும் கோள்களும் மிதக்கின்றன. பிரபஞ்சமே ஆள் உருவில் நிற்கிறது. அதைப் பார்க்கும் எவருக்கும் நம்மூரில் 'விசுவரூபம்' என்ற சொல் வாயில் வந்துவிடும். அங்கிருந்துதான் டிட்கோ எடுத்தார் என்று சிலர் உறுதியாகச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அதற்கு ஆதாரம் வேண்டும். ஒப்பிட்டு மகிழ்வது வேறு, மூலம் என்று சாதிப்பது வேறு. எனக்கு அதில் பிடித்தது, இவ்வளவு பெரிய ஒன்றைக் காட்ட டிட்கோ ஒரு முழுப் பக்கத்துக்கும் மேல் எதையும் கேட்காமல், வெறும் ஒரு வெளிக்கோட்டின் மூலமே காட்டிவிட்டதுதான்.

மாண்ட்ரேக் மாதிரியான கதைகளா?

முத்து காமிக்ஸில் மந்திரவாதி மாண்ட்ரேக்கைப் படித்து வளர்ந்தவர்கள் கேட்பது. 1934இல் தொடங்கிய மாண்ட்ரேக் கையசைத்து மனவசியம் செய்வார். துப்பாக்கி பாம்பாகத் தெரியும், ஆனால் அது துப்பாக்கிதான். ஸ்ட்ரேஞ்சின் கதையில் மாறுவது உலகமே. இரண்டு பேருக்கும் மீசையும் மேலங்கியும் பொது.

அந்த மந்திரச் சொற்கள் சமஸ்கிருதமா? அர்த்தம் உண்டா?

ஹோகாத், சிட்டோரக், விஷாந்தி, ரகடோர் எல்லாம் ஓசைக்காக ஸ்டான் லீ கற்பனையில் உருட்டிய சொற்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அந்த எதுகை மோனை சுகம் புரியும்.

கிழக்கத்திய நாடுகளைக் காட்டும் விதம் உறுத்துகிறதே?

உறுத்தத்தான் வேண்டும். இமயமலையில் ஒரு ஞானக் கிழவர். அவரிடம் கற்று அவரை மிஞ்சப்போவது ஒரு வெள்ளை அமெரிக்கர். வீட்டில் பேசாமல் பணிவிடை செய்ய ஓர் ஆசிய வேலைக்காரர். 'மர்மமான கிழக்கு' என்ற அன்றைய அமெரிக்க வழக்கம் இந்தக் கதைகளிலும் அப்படியே இருக்கிறது. ஓவியம் எவ்வளவு புதுமையோ, இந்த விஷயத்தில் அவ்வளவு பழமை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பின்னால் வந்த எழுத்தாளர்கள் வோங் என்ற அந்த வேலைக்காரரை ஒரு முழு மனிதராக வளர்த்தார்கள், சினிமாவிலும் அவருக்கு மரியாதையான இடம் கிடைத்தது. அதே சினிமாவில் திபெத்தியக் குருவை டில்டா ஸ்வின்டன் நடிக்கும் கெல்டிக் பெண்ணாக மாற்றியதற்கு வேறு விதமான எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன்.

டிட்கோ ஏன் விலகினார்?

146ஆம் இதழோடு, 1966இல், ஸ்பைடர்மேனையும் ஸ்ட்ரேஞ்சையும் ஒரே நேரத்தில் விட்டுவிட்டுப் போனார். அதற்கு வெகுநாள் முன்பே அவரும் லீயும் நேரில் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். 1960களின் கடைசிக்குப் பிறகு டிட்கோ பேட்டியே கொடுக்கவில்லை. தன் வேலை பேசட்டும் என்று இருந்துவிட்டார். 1977இல் டிசிக்காக 'ஷேட்' என்ற நாயகனை உருவாக்கியபோது மீண்டும் ஒரு வேற்று உலகத்தை வரைந்தார். 8 இதழ்களோடு நின்றுபோனது. 2018இல், 90 வயதில், நியூயார்க்கில் காலமானார்.

அவருக்குப் பிறகு வந்த கதைகள் தேறுமா?

சில நன்றாகவே தேறும். ஜீன் கோலன் 1968இல் வரையத் தொடங்கியபோது நிழலும் புகையுமாக வேறொரு அழகு வந்தது. ஆனால் 1969இல் இதழ் நின்றது. 1973, 74இல் எழுத்தாளர் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட்டும் ஓவியர் ஃபிராங்க் பிரன்னரும் செய்த கதைகள் உண்மையிலேயே 'சைகடெலிக்' தலைமுறையின் கைவண்ணம். அதில் சைஸ்நெக் என்ற மந்திரவாதி காலத்தில் பின்னோக்கிப் போய்க்கொண்டே, வழியில் உள்ள மந்திர சக்தியெல்லாம் உறிஞ்சி, படைப்பின் தொடக்கத்துக்கு வந்து கடவுளாகிவிடுகிறான். ஆங்கிலத்தில் 'ஜெனிசிஸ்' என்ற சொல்லைத் திருப்பிப் போட்டால் வருவதுதான் அவன் பெயர்.

எங்கே தொடங்குவது? எந்தப் பதிப்பு வாங்குவது?

என் வரிசை: 115, பிறகு 110, பிறகு 126, 127. இவை பிடித்திருந்தால் 130லிருந்து நிறுத்தாமல் 146 வரை. மார்வெலின் எபிக் கலெக்‌ஷன் வரிசையில் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் முதல் தொகுதியில் டிட்கோவின் கதைகள் மொத்தமும் இருக்கின்றன. மார்வெலின் டிஜிட்டல் சந்தாவிலும் படிக்கலாம். பத்து வயதுக் குழந்தைக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. இவை சாணித்தாளில், நான்கே மைகளில், புள்ளி புள்ளியாக அச்சாவதற்கென்று நிறம் தீட்டப்பட்டவை. அந்தத் தாள் மையைக் கொஞ்சம் உறிஞ்சி, ஊதாவையும் மஞ்சளையும் மங்க வைக்கும். இன்றைய பளபளப்பான வெள்ளைத் தாளில் அதே நிறங்கள் கண்ணைக் குத்தும். திரையில் படிப்பதாக இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிட்டு, டேப்லெட்டிலோ கணினியிலோ முழுப் பக்கமாகப் பாருங்கள். முதல் தடவை வசனத்தைப் படிக்காமல், ஸ்ட்ரேஞ்சின் கைகள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பார்த்துக்கொண்டே 127ஆம் இதழைப் புரட்டுங்கள். கதை புரிந்துவிடும்.